ரீபேஸ் செய்தால் அதே கான்ஃப்ளிக்ட் திரும்பத் திரும்ப வருகிறது

வணக்கம் நண்பர்களே. கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) ஒரு சிக்கல், நேற்று மாலையிலிருந்து மண்டை காய்கிறது.

லாகின் வேலைக்கு ஒரு பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) வைத்திருந்தேன். அது ரிவ்யூவில் இருக்கும்போதே அதன் மேல் இன்னொரு பிராஞ்ச் போட்டு 6 கமிட் (மாற்றப் பதிவு) எழுதிவிட்டேன். முதல் பிராஞ்சை டீம் லீட் ஸ்குவாஷ் செய்து, அதாவது எல்லாக் கமிட்டையும் ஒன்றாக்கி, மெயினில் (முக்கியக் கிளை) சேர்த்துவிட்டார். இப்போது இரண்டாவதை ரீபேஸ் செய்தால், அதாவது அதன் கமிட்களை மெயின் மேல் மறுபடி வைக்கப் பார்த்தால், ‘1/15’ என்று தொடங்குகிறது. இதில் 6 என்னுடையவை, மீதி 9 முதல் பிராஞ்சின் பழைய கமிட்கள். ஸ்குவாஷ் ஆனதால் அவை ஏற்கெனவே மெயினில் இருப்பது கிட்டுக்குத் தெரியவில்லை போலும். ஒரே ஃபைலில் அதே கான்ஃப்ளிக்டை (இரு பக்க மாற்றங்கள் மோதுவது) நான்கு முறை தீர்த்தேன். நடுவில் ‘அவர்ஸ்’ (‘நம் பக்கத்தை வைத்துக்கொள்’) கொடுத்து என் கோடையே இழந்தேன். ரீபேஸில் அவர்ஸ் என்றால் மெயின் பக்கமாம்! நல்லவேளை, ரீபேஸைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும் அபார்ட் காப்பாற்றியது.

‘ரீபேஸ் --ஆன்டூ’ கொடுத்தால் என் 6 கமிட்டை மட்டும் மெயின் மேல் வைக்கலாம் என்று படித்தேன். ஆனால் பழைய பிராஞ்சை டெலீட் செய்துவிட்டேன். அதன் கடைசி கமிட்டின் ஹாஷை (அடையாளக் குறியீடு) லாகில் (கமிட் பட்டியல்) பார்த்துக் கொடுத்தால் போதுமா? அப்புறம், இதே இரண்டாவது பிராஞ்சை இன்னொருவரும் புல் செய்து (தன் கணினிக்கு இறக்கி) வைத்திருக்கிறார். நான் ஃபோர்ஸ் புஷ் செய்தபின் (சர்வரில் உள்ளதை என் புதிய வடிவத்தால் மாற்றியபின்) அவரை என்ன செய்யச் சொல்வது?