பழைய ஆட்டுக்கல்லும் அம்மியும் யாருக்காக இருக்க வேண்டும்?

காவிரிக்கரையான்:

கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் பழைய ஓட்டு வீடு ஒன்று இடிபடும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைகளுக்குப் போகும், பித்தளை அண்டாவும் தவலையும் எடைக்குப் போகும், ஆட்டுக்கல்லும் அம்மியும் ஏதாவது ரிசார்ட் புல்வெளிக்குப் போகும். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டை விற்கப்போகிறார்கள். ஆட்டுக்கல்லை ஒருவர் விலை பேசிவிட்டார், குழியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுவாராம். எனக்கு மனசே ஆறவில்லை.

நான் சும்மா பழம்பெருமை பேசவில்லை. அம்மியில் அரைத்த தேங்காய்த் துவையல் வேறு, மிக்ஸித் துவையல் வேறு. மிக்ஸியின் பிளேடு வெட்டுகிறது, அம்மிக் குழவி நசுக்குகிறது, மிளகாயும் தேங்காயும் உள்ளே இருக்கிற எண்ணெயை விடுவது நசுங்கும்போதுதான். பிளேடு சுற்றுகிற வேகத்தில் சூடும் ஏறிவிடுகிறது. ஈயச்சொம்பில் வைத்த ரசத்தின் மணம் எந்த எவர்சில்வர் பாத்திரத்திலும் வராது. இவற்றை வீட்டை விட்டு விரட்டியதில் நாம் நிறைய இழந்துவிட்டோம். ஒவ்வொரு வீட்டிலும் அம்மியாவது இருக்க வேண்டும், அதுவும் புழக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்காரி:

நான் மறுக்கிறேனுங்க. நீங்கள் எழுதியதில் ருசி இருக்கிறது, மணம் இருக்கிறது, அரைத்தவர் யாரும் இல்லை.

உளுந்து ஆட்டுவது எப்படி என்று தெரியுமா? ஒரு கை குழவியைச் சுற்றும், இன்னொரு கை ஓரத்தில் ஏறுகிற மாவைக் குழிக்குள் தள்ளிவிடும், தள்ளுகிற கை ஒரு நொடி தாமதித்தால் குழவிக்கும் கல்லுக்கும் நடுவில் விரல் மாட்டும். உளுந்து பொங்கி வருகிறவரை நிறுத்த முடியாது, அடிக்கடி தண்ணீர் தெளிக்க வேண்டும், அதற்கப்புறம் அரிசி. கூட்டுக் குடும்பத்துக்கு ஆட்டி எழுந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். என் அம்மா அதைப் பகல் முழுக்க வயல் வேலை பார்த்துவிட்டு வந்து செய்தார், நான் பத்தாவது படிக்கும்போது பரீட்சைக்கு முந்தின ராத்திரிகூடச் செய்தேன். என் அண்ணன் ஒரு நாளும் செய்ததில்லை.

1955-இல் கோவையில் பி. சபாபதி வெட் கிரைண்டரைச் செய்தபோது கல்லை விட்டுவிடவில்லை. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் குழவி நிற்கும், கல் சுற்றும். மாவைப் பொறுத்தவரை மாறியது அவ்வளவுதான், கருங்கல் அதே ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. 2011-இல் அரசாங்கம் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தபோது டிவியில் எத்தனையோ பேர் ஏளனம் செய்தார்கள். எங்கள் தெருவில் அதை வாங்கி வந்த ஒரு பெண்ணும் ஏளனம் செய்யவில்லை. அந்த ஆட்டுக்கல்லில் தாராளமாகப் பூ மிதக்கட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

காவிரிக்கரையான்:

அக்கா, நீங்கள் சொல்கிற உழைப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. தினமும் மாவாட்ட ஆட்டுக்கல் வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவுமில்லை. அம்மியைத்தான் கேட்கிறேன். ஒரு துவையலுக்கு அஞ்சு பத்து நிமிஷம். எங்கள் வீட்டில் அரைப்பது நான்தான், வேண்டுமானால் வந்து பாருங்கள். வேலை பெண்கள் தலையில் விழுந்தது வீட்டு ஆண்கள் செய்த அநியாயம், அதற்குக் கல் என்ன செய்யும்?

மூன்றாவதுமாடி:

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறேன், எனக்கு இந்தச் சாமான்கள் மேல் ஆசை உண்டு, ஆனாலும் ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்ற வார்த்தை நடைமுறைக்கு ஒத்துவராது. உரலில் நாலு இடி இடித்தால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். அம்மியை வைக்க பால்கனியைத் தவிர இடம் இல்லை, அங்கே துணி காய்கிறது.

ஆசைப்பட்டுக் கல்சட்டி வாங்கினேன். மாக்கல் என்பதால் வாங்கினவுடன் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவிக் காயவைத்து, சூடான கஞ்சித் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பல நாள் பழக்கிய பிறகுதான் வத்தக்குழம்புக்கு எடுத்தேன். அடுப்பை அணைத்தபிறகும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்கவே பிடிக்கும்.

ஆனால் ஈயச்சொம்பு விஷயத்தில் கவனம் தேவை. அது வெள்ளீயத்தில் செய்ததாக இருக்க வேண்டும். காரீயம் கலந்திருந்தால் புளியும் எலுமிச்சையும் சேர்ந்த ரசத்தில் அது இறங்கும், குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு அது நேரடிக் கேடு. கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்று போலத்தான் பளபளக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் உள்ளே ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு அப்படியே ஒழுகிப்போகும். பழக்கம் தெரிந்த கைகள் வீட்டில் இருந்த காலத்தில் இதையெல்லாம் யாரும் எழுதிவைக்கவில்லை. இப்போது படத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு யார் சொல்வார்கள்?

உளிச்சத்தம்:

எல்லோரும் சமையற்கட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள், கொஞ்சம் வாசலுக்கு வாருங்கள். என் அப்பா அம்மி கொத்துகிறவர். சைக்கிள் கேரியரில் சாக்கு, அதில் உளி, சுத்தியல், “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று வெயிலில் தெருத்தெருவாகப் போவார்.

அரைக்க அரைக்கக் கல் வழவழப்பாகிவிடும், அப்புறம் மிளகாய் வழுக்கிக்கொண்டு போகும், நசுங்காது. புள்ளி புள்ளியாக வரிசை பிடித்து உளியால் தட்ட வேண்டும். ஆழம் போதாவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி மழுங்கும், கூடிவிட்டால் அரைத்தது குழியில் தங்கிப் புளித்து நாறும். குழவியையும் கொத்த வேண்டும், அதுதான் கஷ்டம், உருண்டையாக இருப்பதால் காலால் இடுக்கிப் பிடித்துக்கொள்வார். முடித்ததும், “தவிடு போட்டு ரெண்டு தரம் அரைச்சுக் கொட்டிட்டு அப்புறம் சாப்பாட்டுக்கு அரைங்கம்மா” என்பார், இல்லாவிட்டால் கல்தூள் பல்லில் நறநறக்கும்.

கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது. சில்லு தெறித்து ஒரு கண்ணில் பார்வை மங்கியது. கல்லைத் தொட்டுக் கொத்தச் சொல்கிற வீடு அவரை உள்ளே விடாது, கொல்லை வாசலுக்கோ தெருவுக்கோ இழுத்து வந்து போடுவார்கள், தண்ணீர் கேட்டால் சொம்பைக் கையில் கொடுக்காமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். கைகளைக் குவித்துக்கொண்டு அவர் குனிந்து குடித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் எவ்வளவு அருமை என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தக் கைகள்தான் முதலில் தெரியும்.

மிக்ஸி வீட்டுக்கு வீடு வந்ததும் தொழில் படுத்துவிட்டது, கட்டட வேலைக்குப் போனார். அதற்காகவும் எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை, கூலி கூடுதலாகத்தான் வந்தது.

பவானிக்காரி:

தம்பி, நான் எழுத நினைத்து எழுத வராமல் போனதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். அந்தச் சொம்பை உயரத் தூக்கின வீடுகள் எங்கள் பக்கத்திலும் உண்டு.

நெல்லைச்சீமை:

சாமான்களில் இவ்வளவு வலி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். விளையாட்டுக்கு வாருங்கள். பம்பரத்தால் யார் முதுகு ஒடிந்தது? சாட்டையை ஆணியிலிருந்து இறுக்கிச் சுற்றி, சொடுக்கி விட்டு, சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் ஏந்தி ‘அபீட்’ எடுப்பது ஒரு வித்தை. கடைசியாக எடுத்தவன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க வேண்டும், மற்றவர்கள் ஆணியால் குத்தி ஆக்கர் வைப்பார்கள், தோற்றவன் பம்பரம் முழுக்கத் தழும்பாகத்தான் வீட்டுக்குப் போகும். நுங்கு தின்றுவிட்டு, கூந்தல் என்று நாங்கள் சொல்கிற வெறும் நுங்குக்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஊரெல்லாம் ஓடினோம், காசு ஒரு பைசா செலவில்லை. இன்றைக்குப் பிள்ளைகள் கையில் போன். தோற்றால் மறுநாள் வந்து ஜெயிக்க வேண்டும் என்ற வைராக்கியம் தெருவில்தான் கிடைத்தது. இதையாவது திரும்பக் கொண்டுவர வேண்டாமா?

பவானிக்காரி:

நீங்கள் ஓடின தெருவில் எத்தனை பெண்பிள்ளைகள் ஓடினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றோம்.

ஆனால் விளையாட்டு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எனக்கு உயிர் பல்லாங்குழி. வயசுக்கு வந்த பெண்ணைத் தனியாக உட்காரவைத்த நாட்களில் பொழுதுபோக அதைத்தான் கொடுத்தார்கள், அந்த வழக்கம் ஒழிந்தது நல்லதுதான், பலகை மட்டும் என்னோடு வந்துவிட்டது. பக்கத்துக்கு ஏழு குழி, புளியங்கொட்டையோ சோழியோ. அள்ளிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’, அந்தப் பக்கத்துக்காரி எடுத்துக்கொள்ளலாம். கை கணக்கைப் பார்க்காமலே எண்ணும், அடுத்தவள் குழியில் எத்தனை இருக்கிறது, எங்கிருந்து எடுத்தால் வெறுங்குழியைத் தாண்டி அள்ளலாம் என்று மனசு முன்னால் ஓடும். என் பேத்திக்குக் கற்றுக்கொடுத்தேன், இப்போது என்னைத் தோற்கடிக்கிறாள், பேரனும் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிறான். இதை யாரும் வரவேற்பறை அலமாரியில் அழகுக்கு வைக்காதீர்கள், ஆடுங்கள்.

யாழ்_மாணவன்:

இந்தியாவிலை இருக்கிற அண்ணன், அக்காமாருக்கு வணக்கம். எங்கள் ஊரில் பழைய சாமானை விரும்பித் தேடிப் போகவில்லை, அது எங்களிடம் திரும்பி வந்தது. 1990-க்குப் பிறகு போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் திரியும் வைத்துச் சிக்கன விளக்கு செய்து அதில்தான் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் ரேடியோ கேட்டோம். மூலைக்குள் கிடந்த அம்மியும் திரிகையும் ஆட்டுக்கல்லும் மறுபடி வேலைக்கு வந்தன. அம்மாவுக்கு அதில் ஒரு இன்பமும் இருக்கவில்லை, ஆனால் அவை இல்லாவிட்டால் சம்பலும் இல்லை, தோசையும் இல்லை.

அதனால் எனக்கு இரண்டு பக்கமும் முழுதாக ஒட்டவில்லை. அந்த விளக்கை யாராவது அழகுப் பொருளாக விற்றால் எனக்குக் கோபம் வரும். அதே நேரம், கரண்ட் இல்லாமல் ஒரு வீடு எப்படி ஓடும் என்று தெரிந்த கடைசி ஆட்கள் போன பிறகு அந்த அறிவை எங்கே போய்க் கேட்பது?

பழையகணக்கு:

நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். பொருள் போனாலும் பேச்சு போவதில்லை என்பதைப் பார்க்கிறேன். 1957-இல் நயா பைசா வந்து அணா ஒழிந்தது, 25 பைசாவே 2011-இல் செல்லாமல் போனது, ஆனாலும் “நாலணாவுக்குப் பிரயோசனம் இல்லை” என்று இருபது வயதுப் பையன் சொல்கிறான். ஆழாக்கும் உழக்கும் பார்த்திராதவர்கள் “உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா” என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் மிதிக்க என்று ஒரு குட்டி அம்மி இருக்கும், அதன்மேல் ஒரு மிளகாய்கூடப் பட்டிருக்காது, மணப்பெண் மஞ்சள் பூசிய காலை அதில்தான் வைக்கிறாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அரைக்கிற வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு நினைவை மட்டும் வைத்துக்கொள்வதிலும் தப்பில்லை என்பது என் எண்ணம்.

காவிரிக்கரையான்:

ஐயா, மண்டபத்து அம்மியில்தான் எனக்குப் பிரச்சினையே. அரைக்காத அம்மி எனக்கு வேண்டாம், அதற்கும் ரிசார்ட் புல்வெளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. யாழ் தம்பி கேட்ட கேள்விக்கும் பதில் புழக்கத்தில்தான் இருக்கிறது, கை மறந்தால் அறிவு போய்விடும். ஆட்டுக்கல்லை என்னால் தூக்கிக்கொண்டுவர முடியாது, வைக்கவும் இடமில்லை, அம்மியைக் கேட்டு வாங்கிவிட்டேன். பல வருஷம் மழையில் கிடந்த கல், மேலே பாசி. உளிச்சத்தம் தம்பி, இதைக் கொத்த ஆள் கிடைப்பார்களா? எங்கள் பக்கம் விசாரித்த வரையில் ஒருவரும் இல்லை.

உளிச்சத்தம்:

அப்பாவால் இப்போது முடியாது. சிலை செய்கிற பட்டறை எதிலாவது கேளுங்கள், உளி பிடித்த கைக்கு இது வரும், ஆனால் ஆழம் போடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் பழக்கத்தில் ஓங்கி அடித்துவிடுவார்கள். பாசியை எடுக்க ஆசிட் ஊற்றாதீர்கள், தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் போதும். கொத்துகிறவரிடம் கண்ணாடி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அரை நாள் கூலி என்று பேரம் பேசாதீர்கள், முழு நாள் கூலி கொடுங்கள். உட்கார வைத்து, தண்ணீரைக் கையில் கொடுங்கள்.

பவானிக்காரி:

கொத்தி வையுங்கள், அரைத்துச் சாப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்ற வரியை மட்டும் நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த வரியைப் படித்துவிட்டு எங்கேயோ ஒரு மாமியார் மருமகளிடம் கேட்பார், “அவங்க வீட்ல இன்னும் அம்மியிலதான் அரைக்கிறாங்களாம்” என்று. அவர் வீட்டில் உங்களைப் போல உட்கார்ந்து அரைக்க ஆண்பிள்ளை இருக்கமாட்டார். முதலில் அந்த வீட்டு ஆண்களுக்கு எழுதுங்கள், அரைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. அப்புறம் அம்மியைப் பற்றிப் பேசலாம்.