மார்மன் புஸ்தகத்தை எழுதியது யார்? வீட்டில் சண்டையாகிவிட்டது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாத்தா காலத்திலிருந்து நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. கோயமுத்தூருக்கு வேலைக்குப் போன என் மாமன் மகன், இரண்டு வருடமாகப் பிற்காலப் பரிசுத்தவான்களின் சபைக்கு (மார்மன் சபை என்பார்கள்) போகிறான். போன ஞாயிறு வந்தவன் மார்மன் புஸ்தகம் ஒன்றைத் தமிழில் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தான். அம்மாவும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதியமே உட்கார்ந்து புரட்டினார். அதில் இரண்டாம் நேபி என்ற பகுதியில் ஒரு இடம் வந்ததும் நிமிர்ந்து, "இது நம்ம ஏசாயாதானே கண்ணு?" என்று கேட்டார்.

அங்கேதான் ஆரம்பித்தது. "அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றிலிருந்து எடுத்த தங்கத் தகடுகளில் எழுதியிருந்ததை எங்கள் சபையை ஆரம்பித்த ஜோசப் ஸ்மித் தேவ வல்லமையால் மொழிபெயர்த்தார். அப்போது அவருக்கு 23 வயது, பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். ஏறக்குறைய 590 பக்கத்தை மூன்று மாதத்துக்குள் எப்படிச் சொந்தமாக எழுத முடியும்?" என்றான் இவன். "யாரோ எழுதின நாவலைத் திருடி அச்சுப் போட்டுக்கொண்டான்" என்றார் என் பெரியப்பா. சோற்றில் கை வைத்தபடியே இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து பஸ் ஏறிவிட்டான்.

எனக்கு அவனும் வேண்டும், உண்மையும் வேண்டும். யாரையும் திட்டாமல் சொல்லுங்கள்.

சூலூர் வாத்தியார்

தம்பி, நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். உங்கள் பெரியப்பா சொல்வது பழைய குற்றச்சாட்டு. சாலமன் ஸ்பால்டிங் என்பவர் எழுதி அச்சேறாமல் கிடந்த கதையை, பின்னாளில் அவர் சபையில் சேர்ந்த சிட்னி ரிக்டன் வழியாக ஸ்மித் எடுத்துக்கொண்டார் என்று 1834-லேயே ஒரு புத்தகம் வந்தது. எனக்கும் அதில் உண்மை இருக்கும் என்றே படுகிறது.

என்னை அதைவிட உறுத்துவது மண்ணில் கிடைக்கும் சான்று. கொலம்பஸுக்கு ரொம்ப முன்னால் அமெரிக்காவில் குதிரை, எஃகு, கோதுமை இருந்ததாக அந்த நூல் சொல்கிறது. உங்கள் நொய்யல் கரையிலேயே கொடுமணல் இருக்கிறது. அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலை, கசடு, பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் வந்தன. எஃகு செய்த ஊர் கசடை விட்டுவிட்டுத்தான் போகும். இந்த நூல் சொல்லும் எஃகுக்கு அமெரிக்க மண்ணில் அப்படி ஒரு உலையும் கிடைத்ததில்லை.

கோபி பத்திரக்காரி

தம்பி, வாத்தியார் ஐயா, இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்கு மதப் படிப்பு கிடையாது. கோபியில் ஒரு பத்திர எழுத்தரிடம் 22 வருடமாகத் தட்டச்சு செய்கிறேன். முதலில் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். ஐயா வாயால் சொல்லுவார், நான் அடிப்பேன். அதனால் இந்தப் புஸ்தகத்தின் கையெழுத்துப் பிரதியைப் பற்றிப் படித்ததும் எனக்கு விடவே முடியவில்லை. மூன்று வருடமாகக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன்.

பார்த்து அடிக்கும்போது வரும் தப்பு வேறு, கேட்டு அடிக்கும்போது வரும் தப்பு வேறு. மூலப்பத்திரத்தைப் பார்த்து அடித்தால் கண் தாவும். செக்குபந்தியில் இரண்டு வரி "பூமிக்கும்" என்று முடிந்தால், முதல் வரியிலிருந்து நேராக மூன்றாவது வரிக்குப் போய்விடுவோம், நடுவில் ஒரு எல்லையே காணாமல் போகும். காதால் கேட்டு அடித்தால் அப்படி ஆகாது. "கிணற்றில் அரைப்பங்கு" என்று ஐயா சொன்னதை ஒருமுறை "அறைப்பங்கு" என்று அடித்துவிட்டேன். காகிதத்தில் "அரை" என்று கண்ணால் பார்த்திருந்தால் அந்தத் தப்பு வந்திருக்காது.

ஜோசப் ஸ்மித் சொல்ல, பெரும்பகுதியை எழுதியவர் ஆலிவர் கௌடெரி, 1829 ஏப்ரல் 7 முதல் ஜூன் கடைசி வரை. அந்த மூலப்பிரதியை 1841-ல் நாவூ என்ற ஊரில் ஒரு கட்டடத்தின் மூலைக்கல்லுக்குள் வைத்தார்கள். தண்ணீர் இறங்கி, இப்போது நூற்றுக்கு 28 பங்குதான் மிச்சம். அந்த 28 பங்கை ராயல் ஸ்கவுசன் என்ற பேராசிரியர் எழுத்தெழுத்தாக ஆராய்ந்தார். அதில் இருப்பது காதுத் தப்புகள். ஆங்கிலத்தில் "ஒரு" என்று பொருள்படும் 'அன்' என்ற சொல்லை, "உம்" என்று பொருள்படும் 'அண்ட்' என்று எழுதியவர்களில் ஒருவர் காதில் வாங்கி எழுதியிருக்கிறார். நிறுத்தற்குறியும் கிட்டத்தட்ட இல்லை. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் போட்டது அச்சுக்கோத்த ஜான் கில்பர்ட். எங்கள் பழைய பத்திரங்களும் அப்படித்தான், நான்கு பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓடும்.

அதனால் ஸ்பால்டிங் கதையை நான் ஏற்கவில்லை, ஐயா. ரிக்டன் அந்தச் சபையில் சேர்ந்தது 1830 நவம்பரில், புஸ்தகம் விற்பனைக்கு வந்ததோ அந்த வருடம் மார்ச்சில். ஸ்பால்டிங்கின் கையெழுத்துப் பிரதி ஒன்று 1884-ல் ஹொனலூலுவில் கிடைத்தது. கப்பல் திசைமாறி அமெரிக்கா போய்ச் சேர்ந்த ரோமர்களின் கதை அது. படித்துப் பார்த்தால் இந்தப் புஸ்தகத்தின் மூலம் என்று சொல்ல மனம் வராது. திருடினான் என்று சொல்ல, திருட்டுப்போன பொருளைக் காட்ட வேண்டாமா?

சரி, அப்படியானால் தகட்டிலிருந்துதான் வந்ததா? என்னால் அதையும் ஏற்க முடியவில்லை. காரணம், எங்கள் ஆபீசில் நடந்த ஒன்று. ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரம் மூன்று பக்கம் அடித்து, சேமிக்கும் முன்னே கரண்ட் போய்விட்டது. ஐயா மறுபடி முதலிலிருந்து சொன்னார். சர்வே நம்பர், ஏக்கர், எல்லை எல்லாம் அப்படியே வந்தன, ஏனென்றால் அவை கையில் இருந்த காகிதத்தில் இருந்தன. ஆனால் முதல் தடவை "அன்பினாலும் பிரியத்தினாலும்" என்றவர், இரண்டாம் தடவை "பாசத்தினாலும் வாஞ்சையினாலும்" என்றார். அது அவர் மனதிலிருந்து வந்த பகுதி.

1828-ல் முதல் 116 பக்கத்தை, அப்போது ஜோசப் சொல்ல எழுதிவந்த மார்ட்டின் ஹாரிஸ் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டார். தகட்டில் எழுத்து நிலையாக இருந்து, சொல்லும்போது அவர் பார்த்ததாகச் சொல்லும், தொப்பிக்குள் வைத்த கல்லில் சொற்கள் தெரிந்திருந்தால், அதே 116 பக்கம் மறுபடி வந்திருக்க வேண்டும். ஜோசப் அதை மறுபடி சொல்லவில்லை. எதிரிகள் பழைய பக்கங்களைத் திருத்திவைத்துக் காத்திருக்கிறார்கள், அதே காலத்தைச் சொல்லும் வேறு தகடு இருக்கிறது என்று வெளிப்பாடு வந்ததாகச் சொன்னார். மை வேறு கை வேறாகத் திருத்தினால் தெரியாதா என்று என் தொழில்புத்தி கேட்கிறது. நான் நம்பிக்கையிழந்த இடம் இதுதான்.

அப்புறம், அம்மா சரியாகப் பிடித்தார்கள் பாருங்கள். இரண்டாம் நேபி 12 முதல் 24 வரை, ஏசாயா 2 முதல் 14 வரை. ஆங்கிலத்தில் அது 1611-ல் வந்த வேதாகமத்தின் நடையிலேயே வருகிறது. நம் கொங்கில் ஒருவர் ஆயிரம் வருடச் செப்பேட்டைப் படித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, 1871-ல் பவர் ஐயர் திருத்திய தமிழ் வேதாகமத்தின் வரிகளையே சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

படிக்காதவர் எப்படிச் சொன்னார் என்பதற்கு என் அப்புச்சிதான் எனக்குப் பதில். சின்ன வயதில் அண்ணன்மார் கதை கேட்கக் கூட்டிப்போவார். உடுக்கையடிப்பவர் கையில் ஏடு கிடையாது. விடிய விடியப் பாடி, பொன்னரும் சங்கரும் எங்கே நின்றார்களோ மறுநாள் ராத்திரி அங்கேயே பிடிப்பார், யாரையும் கேட்க மாட்டார். ஜோசப்பின் மனைவி எம்மா 1879-ல் சொன்னதும் இதே: சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், படித்துக்காட்டச் சொல்லாமல், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பாராம். தகடு கைக்கு வரும் முன்பே, அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் உடை, சவாரி மிருகம், போர் முறையெல்லாம் ராத்திரியில் வீட்டாருக்குக் கதைகதையாகச் சொல்லுவார் என்று ஜோசப்பின் தாயார் லூசி எழுதியிருக்கிறார். "நடந்தது என்னவென்றால்" என்று வரும் தொடர் மட்டும் அந்தப் புஸ்தகத்தில் ஆயிரம் தடவைக்கு மேல். பாடுகிறவர் அடுத்த அடியை யோசிக்க உடுக்கையைத் தட்டுவாரே, எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது.

வேதாகமத்தைக் காதாலேயே கேட்டு வளர்ந்த, பேச்சுவரம் உள்ள ஒரு இளைஞர் சொன்னது. இது என் முடிவு.

சிங்காநல்லூர் சகோதரன்

அக்கா, நான் அந்தச் சபைக்காரன். மரியாதையாக எழுதியதற்கு நன்றி. அதே பிரதியில் இன்னொன்றும் இருக்கிறது. 'கோரியாந்தமர்' என்ற பெயரைக் கௌடெரி முதலில் காதில் விழுந்தபடி எழுதி, அடித்துவிட்டு, ஆங்கிலத்தில் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் நடுவில் உயிரெழுத்து இல்லாமல் வெறும் மெய்யெழுத்தாக நிற்கும்படி எழுதியிருக்கிறார். அது உச்சரிப்பில் தெரியாது, எழுத்துக்கூட்டித்தான் சொல்லியிருக்க வேண்டும். எழுத்து கண்முன் இல்லாமல் எப்படிச் சொல்வார்?

ஏமனில் மாரிப் பக்கம் ஒரு கோயில் பலிபீடத்தில், எருசலேமிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டதாக எங்கள் நூல் சொல்லும் லேகியின் காலத்தை ஒட்டிய கல்வெட்டு ஒன்று 'ந-ஹ-ம்' என்ற எழுத்துகளோடு கிடைத்தது. முதலாம் நேபி 16:34-ல் வரும் நாகோம் என்ற இடம் அவர்கள் போன அந்த வழியில்தான். தகட்டைப் பார்த்தோம் என்று கையெழுத்திட்ட கௌடெரி, விட்மர், ஹாரிஸ் மூன்று பேரும் பின்னால் ஜோசப்போடு மனம் முறிந்து சபையை விட்டுப் போனவர்கள். ஒருவரும் சாட்சியை மாற்றவில்லை. எனக்கு நம்பிக்கை ஜெபத்தில் வந்தது, ஆனால் இவையும் கண்ணில் படட்டும்.

கோபி பத்திரக்காரி

தம்பி, கோரியாந்தமர் நல்ல கேள்வி, எனக்கும் அது சுலபமான இடமில்லை. பெயரை உண்டாக்கியவரே எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். நாகோமையும் நான் தள்ளவில்லை. மூன்று பேரும் பொய்யர்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனால் சாட்சிக் கையெழுத்து என்றால் என்ன என்று தினமும் பார்க்கிறவள் நான். எழுதிக்கொடுப்பவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் கண்டேன், அவ்வளவுதான் சாட்சி. பூமி அவருடையதுதானா, வில்லங்கம் உண்டா என்பதற்குச் சாட்சி பொறுப்பில்லை. அவர்கள் எதையோ பார்த்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது.

கட்டிங் மாஸ்டர் தம்பி, உங்கள் மாமன் மகன் வந்தால் ஏசாயா 2:16-ஐயும் இரண்டாம் நேபி 12:16-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சண்டை வேண்டாம், பார்த்தால் போதும்.

நொய்யல்கரை (திருப்பூர்)

அக்கா, இன்றைக்கு வந்தான். நான்தான் போன் போட்டுக் கூப்பிட்டேன். பெரியப்பாவிடம் முன்னாலேயே சொல்லி வைத்துவிட்டேன், அவர் வாய் திறக்கவில்லை. அம்மா தன் வேதாகமத்தை விரித்துக்கொண்டார், அவன் அவன் புஸ்தகத்தை. ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டே வந்தார்கள். 16-ல் அம்மா "தர்ஷீஸின் கப்பல்கள்" என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். அவன் பக்கத்தில் தர்ஷீசுக்கு முன்னால் கடலின் கப்பல்கள் என்று ஒரு வரி கூடவே இருந்தது. இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை என்றான். இரண்டு பேரும் அந்த வரி எங்கிருந்து வந்திருக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், நான் டீ போட வந்தேன்.