ஒரு டாலருக்குப் படம் கொடுத்த சிவப்புப் பெட்டி ஏன் மூடியது?

காரிமங்கலம் தம்பி:
டெக்சாஸில் இருக்கும் என் மாமா ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். மருந்துக் கடை வாசலில் பீரோ உயரத்துக்குச் சிவப்பாக ஓர் இயந்திரம். திரை அணைந்து கிடக்கிறது. ‘ரெட்பாக்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. வங்கி அட்டையைத் தேய்த்தால் டிவிடி வெளியே வருமாம். 2024-ல் நிறுவனமே திவாலாகிவிட்டது என்கிறார். இதை யார் தொடங்கினார்கள்? இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தது? அந்தக் காலத்தில் நம் தர்மபுரி பஸ் நிலையத்தில் இப்படி ஒன்றை வைத்திருந்தால் ஓடியிருக்குமா? சிடி கடை நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பழையபேட்டை சிடி கடை:
தம்பி, கிருஷ்ணகிரியில் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) வாடகைக்கு விட்ட காலம் தொடங்கி டிவிடி வரை கடை வைத்திருந்தவன் நான். அந்தப் பெட்டியின் கதையைக் கொஞ்சம் பொறாமையோடுதான் படித்திருக்கிறேன்.

அதைத் தொடங்கியது சினிமா நிறுவனம் அல்ல, மெக்டொனால்ட்ஸ். 2002-ல் தலைநகர் வாஷிங்டன் பக்கம் பால், முட்டை விற்கும் தானியங்கிகளையும் டிவிடி கொடுக்கும் தானியங்கிகளையும் வைத்துப் பார்த்தார்கள். பாலும் முட்டையும் எடுபடவில்லை, டிவிடி நிலைத்தது. சில்லறைக் காசு எண்ணும் இயந்திரங்களை நடத்திய காயின்ஸ்டார் 2005-ல் ஏறக்குறைய பாதிப் பங்கையும், 2009-ல் மீதியையும் வாங்கியது. ஓர் இரவுக்கு ஒரு டாலர் வாடகை. 2007-லேயே அமெரிக்காவில் இடங்களின் எண்ணிக்கையில், படம் வாடகைக்கு விடும் பெரிய கடைத் தொடரான பிளாக்பஸ்டரை முந்திவிட்டார்கள்.

வாடகைத் தொழிலில் வட்டைக் கொடுக்க யாராலும் முடியும். திரும்ப வாங்குவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும். என்னிடம் அதற்கு இருந்தவை ஒரு நீள நோட்டு, ரேஷன் அட்டை நகல், இருநூறு ரூபாய் முன்பணம். வேப்பனப்பள்ளிக்காரர் தெலுங்குப் படம் எடுத்துக்கொண்டு போய் வாரக்கணக்கில் வராவிட்டால், அந்த ஊர் ஆள் யாரையாவது பிடித்துச் சொல்லியனுப்புவேன். பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர் வட்டையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டால் முன்பணத்தோடு சரி. திரும்பி வருவதாவது ஒழுங்காக வருமா? டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் குழந்தையின் எண்ணெய் விரல் தடம் தெரியும், அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கீறல். பற்பசையைத் தடவி, நடுத்துளையிலிருந்து விளிம்புவரை நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் போயிற்று.

ரெட்பாக்ஸில் இந்த வசூல் தலைவலி முழுவதையும் வங்கி அட்டை ஏற்றுக்கொண்டது. ஆரம்ப ஆண்டுகளில், 25 இரவு கடந்தால் வட்டு உங்களுக்கே சொந்தம். 25 டாலரும் வரியும் தானாகக் கழிந்துவிடும். நோட்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அட்டை கொடுத்த வங்கி மட்டும் சும்மா விடுமா? 2011-ல் வாடகையை 1.20 டாலராக உயர்த்தியபோது, டெபிட் அட்டைக் கட்டணம் கூடியதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

படக் கம்பெனிகளோடு நடந்த சண்டைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புதுப் படம் ஒரு டாலருக்குப் போனால் டிவிடி விற்பனை படுத்துவிடும் என்று யுனிவர்சல், ஃபாக்ஸ், வார்னர் மூன்றும் மொத்த வியாபாரிகள் வழியே வட்டு போவதைத் தடுத்தன. ரெட்பாக்ஸ் வழக்குப் போட்டது. அதோடு நிற்காமல், வால்மார்ட் போன்ற கடைகளுக்கு ஆள் அனுப்பிச் சில்லறை விலைக்கே வட்டுகளை வாங்கிப் பெட்டிகளை நிரப்பியது! கடைசியில் 2010-ல், படம் விற்பனைக்கு வந்து 28 நாள் கழித்தே வாடகைக்கு விடுவது என்று சமரசம் ஆனார்கள்.

பாலக்கோடு–டல்லஸ்:
ஐயா சொன்னது சரி. நான் இங்கே வந்த புதிதில் வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பெட்டி முன்னால் வரிசையே நிற்கும். டல்லஸில் எடுத்ததை ஹூஸ்டனில் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

முடிவு கடனால் வந்தது. 2013-ல் வெரிசோன் என்ற தொலைபேசி நிறுவனத்துடன் சேர்ந்து இணையவழிச் சேவை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே மூடினார்கள். கொரோனாவில் புதுப் படங்களே வரவில்லை. 2022-ல் சிக்கன் சூப் ஃபார் தி சோல் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனம் கடனோடு சேர்த்து வாங்கியது (ஆமாம், பெயரே அதுதான்). 2024 ஜூனில் திவால் மனு போட்டபோது மொத்தக் கடன் சுமார் 97 கோடி டாலர். ஊழியர்களுக்குச் சம்பளமும் இல்லை, மருத்துவக் காப்பீடும் இல்லை. ஜூலையில் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது. இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் அப்படியே நின்றன.

காரிமங்கலம் தம்பி:
நன்றி அண்ணா. ஐயா, பஸ் நிலையக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பழையபேட்டை சிடி கடை:
ஓடியிருக்காது. 2005-ல் நம் பக்கம் அட்டை வைத்திருந்தவர்கள் அதை ஏடிஎம்மில் பணம் எடுக்க மட்டும்தான் வெளியே எடுத்தார்கள். ஒருவேளை அட்டை பழகியிருந்தாலும் விலை விட்டிருக்காது. 2007-ல் மோசர் பேயர் என்ற வட்டு தயாரிக்கும் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. என் வாடகை பத்து ரூபாய். மூன்று முறை எடுக்கும் காசில் வட்டே சொந்தமாகிவிடும் என்றால் வாடகைக்கு யார் வருவார்கள்? 2004-ல் வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தில் சேர்த்தும் திருட்டு விசிடி நிற்கவில்லை. அது தனிக் கணக்கு.

அப்புறம் மின்வெட்டு. மின்சாரம் இல்லாவிட்டால் படம் பார்ப்பவருக்கும்தானே இல்லை என்று கேட்பீர்கள். நகரத்தில் ஒரு நேரம், கிராமத்தில் வேறு நேரம் நிறுத்துவார்கள். எங்கள் தெரு இருட்டாகக் கிடக்கும்போதுதான் தங்கள் ஊரில் மின்சாரம் வரும் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதி வட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தானியங்கி அந்த நேரத்தில் என்ன செய்யும்?