காணி வேலிப் பிரச்சினை: பொலிஸ் கோட்டுக்குக் கொண்டுபோகேல்ல, 2 மாதம் முடியப்போகுது

திருகோணமலை, நிலாவெளி வீதிப் பக்கம் அம்மாவின்ர வளவு. பக்கத்துக் காணிக்காரர் ஒரு இரவில எங்கட கதியாலைப் பிடுங்கி, 12 அடி உள்ளுக்கு வந்து முள்ளுக்கம்பி அடிச்சிட்டார். அம்மா நட்ட முருங்கை இப்ப அவையின்ர பக்கம். இன்றைக்கு 47ஆவது நாள். ரெண்டு தரம் கைகலப்பு வரப் பாத்தது.

அடுத்த நாளே பொலிஸில முறைப்பாடு குடுத்தன், துண்டு இருக்கு. ரெண்டு பகுதியையும் கூப்பிட்டு விசாரிச்சுப்போட்டு "இது சிவில் பிரச்சினை" எண்டு விட்டிட்டினம். கிராம சேவகரிட்டயும் போனன், பலனில்லை. மத்தியஸ்த சபைக்கு மற்றப் பகுதி வரேல்ல. தம்பியாக்கள் "நாங்களே புடுங்கி எறிவம்" எண்டு நிக்கிறாங்கள். அதைச் செய்தால் உள்ளுக்குப் போறது நாங்கள்தான்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் 66ஆம் பிரிவில, காணித் தகராறால சமாதானம் குலையும் எண்டால் பொலிஸ் நீதிமன்றத்துக்கு அறிவிக்க வேணும் எண்டு இருக்கு. பொலிஸ் செய்யாட்டி, தகராறில இருக்கிற ஆளே சத்தியக்கடதாசியோட தாக்கல் செய்யலாம். ஆனா பலவந்தமா வெளியேத்தினது தாக்கல் செய்யிற நாளுக்கு முந்தின 2 மாதத்துக்குள்ள நடந்திருந்தால்தான் உடைமை திரும்பக் கிடைக்கும். அதுதான் அவசரம்.

கையில உறுதி, நில அளவைப் படம், பழைய வேலியின்ர போட்டோ, முறைப்பாட்டுத் துண்டு.

திருகோணமலையில பொலிஸ் அறிக்கை இல்லாமல் 66இல நேரடியா வழக்குப் போட்ட ஆக்கள் ஆரும் இருந்தால், சத்தியக்கடதாசியோட வேற என்னென்ன இணைச்சனீங்கள்?