தாண்டிக்குடி மலைப்பாதைக்குச் செகண்ட் ஹேண்ட் டஸ்டர் ஆல் வீல் டிரைவ்: முதலில் எதில் கை வைப்பது?

வத்தலக்குண்டு_வாசி

வணக்கம். போன வாரம் 2016 மாடல் ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ் வாங்கினேன். 110 பி.எஸ். டீசல், 6 கியர், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தாண்டிக்குடிக்கு மேலே எங்கள் காப்பித் தோட்டம். தார் ரோடு முடிந்த பிறகு செம்மண் பாதைதான். ஐப்பசி, கார்த்திகையில் ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. அதற்காகவே இதை எடுத்தேன்.

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், மூடுபனிக்கு மஞ்சள் விளக்கு, இவ்வளவும் ஆசை. ஒரு லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். முன் டயர் இரண்டும் புதுசு, பின்னால் இருப்பவை நன்றாகத் தேய்ந்தவை. சர்வீஸ் ரசீதுகள் முழுதாகக் கிடைக்கவில்லை. எதில் தொடங்கலாம்?

கூடலூர்_டஸ்டர்

நல்ல வண்டியை எடுத்திருக்கிறீர்கள். நானும் இதே வண்டியைத்தான் தேயிலைத் தோட்டப் பாதையில் ஓட்டுகிறேன், அதனால் அக்கறையோடு சொல்கிறேன்: பம்பர், லிஃப்ட் எல்லாம் அப்புறம். அந்தப் பின் டயர்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஆட்டோ மோடில் சாதாரணமாக முன் சக்கரங்களே வண்டியை இழுக்கும். அவை வழுக்கும்போது பின் டிஃபரன்ஷியலுக்கு (பின் சக்கரங்கள் இரண்டுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முன்னால் இருக்கும் மின்காந்த கிளட்ச் பிடித்து, பாதி வரைக்கும் விசையைப் பின்னால் அனுப்பும். முன்னால் புதுசு, பின்னால் தேய்ந்தது என்றால் சுற்றளவு ஒன்றாக இருக்காது. வண்டி நேராகப் போகும்போதே முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழலும். கிளட்ச் வீணாகச் சூடாகும், தேயும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவாக இருக்கட்டும். ஸ்டெப்னியும் அதே அளவில். டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டன் (டயரின் மேல் வெட்டு) ஆழம் நன்றாக இருந்தாலும் ரப்பர் பழசாகி விரிசல் விட்டிருந்தால் ஈரப் பாறையில் பிடிக்காது.

பெரிய டயர் வேண்டாம். கம்பெனி அளவு 215/65 ஆர்16. 215/70 போட்டால் விட்டம் 3 சதவீதம் கூடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவையும் குறையும். அதே 215/65-இல் தார், மண் இரண்டுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர் கிடைக்கிறது, அது போதும். லிஃப்டும் தேவைப்படாது. 210 மி.மீ. இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது. மேலும் தூக்கினால் ஆக்சில் சாய்ந்து ஜாயின்ட்டும் அதன் ரப்பர் பூட்டும் சீக்கிரம் போகும். அந்தக் காசில் இன்ஜின் அடியைக் காக்கும் கனமான சம்ப் கார்டு தகடு போடுங்கள்.

திண்டுக்கல்_ஸ்பேனர்

மேலே அண்ணன் சொன்னது சரி. ஒர்க்‌ஷாப் பக்கத்திலிருந்து சொல்வது: ரசீது இல்லையென்றால் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் மலை ஏறாதீர்கள். இந்த 1.5 டீசல் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், செலவு இன்ஜின் வரை போய்விடும். வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, எனவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பம்ப் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பின் டிஃபரன்ஷியலுக்கும் முன்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸுக்கும் (விசையைப் பின்னால் அனுப்பும் பெட்டி) தனித்தனி ஆயில். முன் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண டஸ்டரில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். கூடவே இருந்து, பழைய ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். கருப்பு பரவாயில்லை, மணல் மாதிரி நெருடினால் உள்ளே பல் தேய்கிறது.

இன்னொன்று. காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். டக்... டக் என்று கேட்டால் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

பேப்பர்_வேலை

இரும்பு பம்பர் வேண்டவே வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதைத் தடுத்துவிட்டது. ரோட்டில் நடப்பவர் மீது மோதினால் அடி பலமாக இருக்கும், ஏர்பேக் வேலை செய்வதும் கெடலாம். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பலரும் ஆர்.சி.யோடு நிறுத்திவிடுகிறார்கள்.

வத்தலக்குண்டு_வாசி

எல்லோருக்கும் நன்றி. பம்பரும் லிஃப்டும் வேண்டாம், பெல்ட், ஆயில், நான்கு டயர் என்று முடிவு செய்துவிட்டேன். முன், பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் லாக் மோடை எப்போது போடுவது? மலை ஏறத் தொடங்கும்போதே போடலாமா?

கூடலூர்_டஸ்டர்

கூடாது. காய்ந்த தார் ரோட்டில், அதுவும் கொண்டை ஊசி வளைவில் லாக் போட்டால் முன், பின் சக்கரங்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வண்டி விக்கும். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஊர் வரை ஆட்டோ போதும். செம்மண் தொடங்கும் இடத்தில், சேற்றில் இறங்கும் முன்பே லாக். சிக்கிய பிறகு போட்டால் பாதிப் பயன்தான். இறக்கத்தில் முதல் கியரில் விட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். இந்த வண்டியில் முதல் கியர் மிகவும் குட்டை, இன்ஜினே பிடித்து இறக்கும். தார் ரோடு வந்ததும் மறக்காமல் ஆட்டோவுக்கு மாற்றுங்கள்.

மஞ்சள் விளக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பம்பருக்குக் கீழே, தாழ்வாக. ரிலே வைத்துத் தனி வயரிங் இழுக்கச் சொல்லுங்கள்.