பல் டாக்டரின் ஊசி இதயத்துக்கு எதற்கு? உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

கோட்டையூர் ஆச்சி:
மாசி மாதம் ஆத்தாவுக்கு மாரடைப்பு வந்து மதுரையில் ஐசியுவில் சேர்த்திருந்தோம். இரண்டாம் நாள் இரவு மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியது. டாக்டர் நர்சைப் பார்த்து “லிக்னோகெயின்” என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைவாய்ப்பல் பிடுங்கும் முன் ஈறு மரத்துப்போகப் போடுவார்களே, அந்த ஊசி! ஆளை மாற்றிவிட்டார்களோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

துடிப்பு அடங்கிய பிறகு அந்த இளம் டாக்டரே வெளியே வந்து விளக்கினார். நரம்பில் வலி ஓடுவதற்கு சோடியம் உள்ளே நுழைய வேண்டும். அந்த நுழைவழியை இந்த மருந்து அடைக்கிறது. அதே இனத்து நுழைவழி இதயத் தசையிலும் உண்டு. ரத்தம் கிடைக்காமல் நொந்துபோன தசையிலிருந்து கிளம்பும் கள்ளத் துடிப்பை அது அடக்கிவிடுமாம். பல்லுக்குப் போடுவதில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், இதயத்துக்கு அது கலக்காத குப்பி. 1943இல் சுவீடனில் மரத்துப்போவதற்காகவே உருவாக்கிய மருந்தாம் இது.

வேறு நோய்க்கு வந்த மருந்தை இப்படித் துடிப்புக்குக் கொடுத்த அனுபவம் இங்கே யாருக்கேனும் உண்டா?

கானாடுகாத்தான் வாத்தியார் (ஓய்வு):
உண்டு ஆச்சி. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போனவர். அங்கே மலைக்காய்ச்சல் (மலேரியா) பிடித்து, கொயினா (குயினின்) சாப்பிட்டே பிழைத்ததாகச் சொல்வார். அந்தக் கசப்புக்கு முன்னால் வேப்பங்கொழுந்து வெல்லம் என்பார். அதன் உடன்பிறப்பு எங்கள் வீட்டுக்குள் மறுபடி நுழையும் என்று யார் நினைத்தார்கள்?

என் அக்காள் மகனுக்கு இதயத் துடிப்பைத் தடம்புரளச் செய்யும் புருகாடா நோய். பார்க்க ஆள் திடமாக இருப்பான். ஈசிஜியில் மட்டும்தான் கோளாறு தெரியும். தூக்கத்திலேயே உயிர் போகக்கூடிய நோய் என்பதால் மார்பில் ஷாக் கொடுக்கும் கருவி வைத்தார்கள். கருவி அடுத்தடுத்து ஷாக் அடிக்கவே, டாக்டர் குயினிடின் எழுதிக் கொடுத்தார். கொயினா கிடைக்கும் அதே சின்கோனா பட்டையிலிருந்து வருவது இது. காரைக்குடிக் கடைகளில் கேட்டால் பெயரையே இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பழைய மருந்து, மலிவான மருந்து; லாபம் இல்லாததை யார் செய்து விற்பார்கள்? பல நாடுகளில் இதே தட்டுப்பாடுதானாம். கடைசியில் டாக்டரே வரவழைத்துக் கொடுத்தார். ஷாக் அடிப்பது நின்றது.

பட்டை மருந்து துடிப்புக்கு உதவும் என்று டாக்டருக்குக் காட்டியவர் ஒரு வியாபாரிதான், அதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1912இல் வென்கபாக் என்ற மருத்துவப் பேராசிரியரிடம் ஒரு டச்சு வியாபாரி போகிறார். நாடி ஒழுங்கில்லை. நிரந்தரமாகச் சரிசெய்ய முடியாது என்று பேராசிரியர் கை விரிக்கிறார். “எனக்கே வழி தெரியும், நாளைக் காலையில் நாடி பாருங்கள்” என்கிறார் வந்தவர். மறுநாள் நாடி சீராக இருக்கிறது. அவர் சாப்பிட்டது ஒரு கிராம் கொயினா! வென்கபாக் அதை மறைக்காமல் 1914இல் எழுதி வைத்தார். 1918இல் ஃப்ரே என்பவர் பட்டையின் சத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து, குயினிடின்தான் வலுவானது என்று காட்டினார். நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்ட டாக்டர் என்பதற்காகவே வென்கபாக்கை நான் கும்பிடுவேன்.

பள்ளத்தூர் மருமகள்:
எங்கள் மாமாவுக்கு அமியோடரோன். நெஞ்சுவலிக்காக 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் செய்த மருந்து. துடிப்பை அடக்குவதில்தான் கெட்டிக்காரத்தனம் என்று பிறகுதான் தெரிந்ததாம். படபடப்பு நின்றது உண்மை. ஆனால் சில மாதங்களில் மனிதர் திண்ணையிலேயே சுருண்டு கிடந்தார். முகம் ஊதியது, பங்குனி வெயிலிலும் குளிர்கிறது என்றார். வயதாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தைராய்டு வேலை செய்யவில்லை. அந்த மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின். தொடங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தேவகோட்டை மருந்துக்கடை:
அம்மா சொல்வது சரி. அமியோடரோன் சாப்பிடுகிறவர்களுக்கு தைராய்டும் கல்லீரலும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ விடாமல் இருமினாலோ நுரையீரலையும் பார்க்க வேண்டும். வெயில் பட்டால் தோல் கன்றும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதன் வீரியத்தை இது கூட்டிவிடும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பில் தங்கும்.

என்னிடம் வருகிறவர்களில் சிலர் செல்போனில் மருந்தின் பெயரைத் தேடி, “இது வேறு நோய்க்கு அல்லவா?” என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வராதீர்கள், எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.

புதுவயல் தம்பி:
சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் படபடப்புக்கும் நல்லது என்று வாட்ஸாப்பில் வந்தது. எனக்குச் சர்க்கரை இல்லை. சாப்பிடலாமா?

காரைக்குடி டாக்டர் (பொது மருத்துவம்):
வேண்டாம் தம்பி. அது ஆராய்ச்சியில் இருக்கிற சங்கதி, உங்களுக்கு எழுதிக் கொடுத்த மருந்து அல்ல. துடிப்பு அடங்கினாலே ஆள் பிழைப்பார் என்று நாங்களும் ஒரு காலத்தில் நம்பினோம். மாரடைப்பு வந்தவர்களின் உபரித் துடிப்பை ஃப்ளெகனைடு, என்கனைடு என்ற மருந்துகள் நன்றாகவே அடக்கின. சோதனையில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டபோது, அசல் மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். 1989இல் வெளிவந்த முடிவு இது. அதே ஃப்ளெகனைடை மாரடைப்பு வராத, இதயத்தில் பழுதில்லாத சிலருக்கு இன்றைக்கும் தைரியமாகக் கொடுக்கிறோம். ஆளைப் பார்த்துத்தான் மருந்து.

வாத்தியார் ஐயா, உங்கள் அக்காள் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே இறக்கிவிடுங்கள். புருகாடாவில் காய்ச்சலே துடிப்பைக் கிளப்பிவிடும். எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கோட்டையூர் ஆச்சி எழுதிய மரத்துப்போகும் ஊசியைக்கூட, பல் டாக்டர் நோயைக் கேட்டுவிட்டுத்தான் அவருக்குப் போட வேண்டும்.

கானாடுகாத்தான் வாத்தியார் (ஓய்வு):
நல்லவேளை சொன்னீர்கள் டாக்டர். அடுத்த வாரம்தான் பல்லுக்குப் போவதாக இருந்தான்.