34 வயசு, எக் ஃப்ரீசிங் (கருமுட்டைய எடுத்து உறைய வைக்கறது) பண்ணலாமா? முடிவெடுத்தவங்க சொல்லுங்க

பூந்தளிர்:
சென்னைல வேலை, கல்யாணம் இன்னும் அமையல. கருமுட்டை இருப்பு பாக்கற ரத்த டெஸ்ட், ஏ.எம்.ஹெச், 1.3 வந்திருக்கு, டாக்டர் "பண்றதா இருந்தா தள்ளிப்போடாதம்மா"ன்னாங்க. அம்மாகிட்ட சொன்னா அந்த காசுல நகை வாங்கி வை, வரன் தானா வரும்ங்கறாங்க. எனக்கு குழந்தை வேணும், அது தெளிவா தெரியும், ஆனா அதுக்காக யாருக்கோ அவசரமா கழுத்த நீட்ட முடியாது. நீங்கல்லாம் எப்படி முடிவு பண்ணீங்க?

ஆழி:
நான் 35ல பண்ணேன்மா. பதினோரு நாள் தினமும் ராத்திரி வயித்துல ஊசி, பேனா மாதிரி இருக்கும், ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவு தூக்குக்கு பக்கத்துலயே வச்சிருந்தேன், மூணாவது நாள்லேந்து நானே போட்டுக்க பழகிட்டேன். நடுநடுவுல ஸ்கேன். முட்டை எடுக்கறது மயக்கம் குடுத்துதான், அரைமணி நேரம் கூட ஆகல, ஆனா அப்புறம் ஒரு வாரம் வயிறு உப்பி சுடிதார் நாடாவ இறுக்க முடியல. 11 வந்துது, முதிர்ந்தது 8 தான், அத மட்டும் உறைய வச்சாங்க. எட்டு முட்டைன்னா எட்டு குழந்தை இல்ல, உருக்கும்போது சிலது போயிடும், மீதில கரு உருவாகாம சிலது போயிடும். எங்க கிளினிக்ல நானா கேட்டப்பறம்தான் இத சொன்னாங்க, அந்த கோவம் இன்னும் இருக்கு.

நெய்தல்:
ஏ.எம்.ஹெச் முட்டை எவ்ளோ மிச்சம்னுதான் காட்டும், தரம் வயச பொறுத்தது, அதனால 1.3 பாத்து கலங்காதீங்க, 34ங்கறத பாருங்க. செயற்கை கருத்தரிப்புக்கான 2021 சட்டப்படி 10 வருஷம் வரைக்கும்தான் சேமிச்சு வைக்கலாம், 50 வயசுக்கு மேல சிகிச்சை கிடையாது. கல்யாணம் ஆகலன்னாலும் டோனர் விந்தணு வச்சு பெத்துக்க சட்டம் விடுது, அம்மாகிட்ட இதயும் சொல்லுங்க. 1997 உலக அழகி டயானா ஹெய்டன் உறைய வச்ச முட்டைலதான் 2016ல, 42 வயசுல பெத்துக்கிட்டாங்க. ஆனா எல்லாருக்கும் அப்படி அமையும்னு சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் கட்டற ஸ்டோரேஜ் காசையும் கணக்குல சேத்துக்கோங்க.

மாடித்தோட்டம்:
நான் விசாரிச்சுட்டு வேணாம்னு விட்டவ, இப்ப 39. ராத்திரி ராத்திரி யோசிச்சதுல எனக்கு இருந்தது வயித்துல சுமக்கணும்ங்கற ஆசை இல்ல, பின்னாடி அழுவேனோங்கற பயம்தான்னு புரிஞ்சுது. தனியா இருக்கற பொண்ணும் தத்தெடுக்கலாம், காராங்கற (CARA) மத்திய அரசு தத்தெடுப்பு அமைப்புல பதிஞ்சுட்டு காத்துட்டு இருக்கேன். உங்களுக்கு ஆசையே இருக்குங்கறீங்க, அப்ப உங்க கணக்கு வேற.

பூந்தளிர்:
ரொம்ப நன்றிக்கா எல்லாருக்கும். உருக்கினதுல எத்தனை பொழைச்சுது, அதுல எத்தனை பிரசவம்னு அந்த கிளினிக்கோட சொந்த கணக்க கேக்கப்போறேன். வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட், அம்மாவும் கூட வரேன்னு சொல்லியிருக்காங்க.